ஒழுங்கையில் நாய் குரைக்கும் இரவு: யாழ்ப்பாணத்து இளையோர் நாவலில் முரணின் இடம்

யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து விறுவிறுப்பான நாவல் எழுத முரணுக்கா பஞ்சம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 1981 யூன் முதலாந் திகதி விடிவதற்குள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோயின. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் உயிர்தப்பியவர்கள் கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கினார்கள். 1987இல் இந்திய இராணுவம் வந்தது, 1990இல் போனது. அதே 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கதை தானாக ஓடும் என்று எழுத வருகிறவர்கள் நம்புகிறார்கள்.

அப்படி ஓடவில்லை. பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஒருவரை விடியும்வரை கீழே வைக்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும் ஈழத்துத் தமிழ் நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போர் எழுதப்பட்ட பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல, நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்லிச் செல்கின்றன. படிக்கிற மாணவர் மரியாதையோடு படிக்கிறார், துக்கப்படுகிறார், பாதியில் மூடி வைக்கிறார். இதற்குக் காரணம் இளையோரின் வாசிப்புக் குறைந்துபோனது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்முடைய நாவல்கள் போரையே முரண் என்று எடுத்துக்கொண்டுவிட்டன என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஷெல் வருகிறது. அது எல்லோருக்கும் பொதுவாக, வெளியிலிருந்து வருகிறது. நாவலில் அது ஒரு நிகழ்ச்சி. பங்கருக்குள் இன்னும் ஓராளுக்குத்தான் இடம் இருக்கிறது, வெளியே நிற்பது நேற்றுவரை வேலிச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக் கிழவி, உள்ளே இருக்கும் தகப்பன் கதவை இழுத்து மூடச் சொல்கிறார், மகள் மூட மறுக்கிறாள் என்று வரும்போதுதான் முரண் பிறக்கிறது. ஒருவரையொருவர் விட்டு விலக முடியாத இரண்டு பேர், ஒரே நேரத்தில், ஒத்துவராத இரண்டை விரும்பவேண்டும். ஷெல் அந்த நேரத்தைச் சுருக்கித் தருகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

அதிர்ச்சிக்கும் பரபரப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அல்பிரட் ஹிட்ச்கொக் சொன்ன மேசையடி வெடிகுண்டு உலகப் பிரசித்தமானது. குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குச் சில வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாவிட்டால், அவர்கள் பேசுகிற சாதாரணப் பேச்சு முழுவதும் நெஞ்சைப் பிடிக்கும். யாழ்ப்பாணத்து நாவலாசிரியருக்கு இதில் ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. குண்டு எப்போது வெடிக்கும் என்பது அவருடைய வாசகர் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். 1981 மே மாதக் கடைசியில் நூலக வாசிகசாலையில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டடத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே, ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வியை வைத்து அவர் யாரையும் பிடித்துவைக்க முடியாது. ‘அது நடக்கும்போது இவள் என்ன செய்வாள், யாரோடு நிற்பாள், யாரிடம் பொய் சொல்வாள்’ என்ற கேள்வி மட்டுமே அவர் கையில் இருக்கிறது. அது பெரிய கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்ட நாவல்களே நிலைத்திருக்கின்றன.

இதை மேல்நாட்டுக் கதைத்தொழிலிடம் போய்த்தான் கற்கவேண்டும் என்றில்லை. பதின்ம வயதினரை நாயகராக வைத்து, வீட்டுக்குள்ளிருந்து பரபரப்பை எடுத்த மரபு தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அகப்பாடல்களின் களவொழுக்கத்தை அந்தக் கண்ணோடு மீண்டும் படித்துப் பார்க்கலாம். இறையனார் களவியல் உரை தலைவனுக்குப் பதினாறு வயது, தலைவிக்குப் பன்னிரண்டு என்கிறது. அவர்களுடைய பகை எந்த அரசனும் படையும் இல்லை. தாய் இருக்கிறாள், அயலாரின் அலர் இருக்கிறது, வீட்டைவிட்டு வெளியே விடாத இற்செறிப்பு இருக்கிறது, பெண் கேட்டு வரும் நொதுமலர் இருக்கிறார்கள். இரவில் சந்திக்கும் இரவுக்குறிக்கு வரும் தடைகளை இலக்கணக்காரர் பட்டியலிட்டே வைத்திருக்கிறார்கள். தாய் தூங்கமாட்டாள். தாய் தூங்கினால் நாய் தூங்காது. நாய் அடங்கினால் ஊர்க்காவலர் வருவார்கள். அவர்கள் போனபின் நிலவு வெளிக்கும், கூகை அலறும், கடைசியில் கோழி கூவி விடிந்துவிடும். ஒரு தடை நீங்க இன்னொன்று முளைக்கும் இந்த அடுக்கு, பரபரப்பு நாவலின் எலும்புக்கூடு. இதில் ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

இந்தப் பட்டியலை அப்படியே எடுத்து 1984ஆம் ஆண்டுக்கு, வடமராட்சியிலோ வலிகாமத்திலோ உள்ள ஓர் ஒழுங்கைக்குக் கொண்டுவந்தால் அது துளிகூட மாறத் தேவையில்லை. ஏ.எல். படிக்கும் பெடியன் ஒருவன் இரவோடிரவாக வீட்டைவிட்டு ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போகத் தீர்மானித்திருக்கிறான். அம்மாவுக்கு ஏதோ மணக்கிறது, அவள் படுக்காமல் திண்ணையில் இருக்கிறாள். நாய் குரைத்தால் ஒழுங்கையில் ஆமி வருகிறதோ என்று அயலெல்லாம் விழிக்கும். படலை திறக்கும் சத்தம் கேட்கும். தங்கச்சி முழித்துப் பார்த்துவிட்டாள், அவளுடைய வாயை எப்படி அடைப்பது? அந்த ஒரு இரவுக்குள் ஒரு முழு நாவல் இருக்கிறது. அது ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்தது. காலையில் தலையணைக்குக் கீழே கடிதம் கிடந்த வீடுகளும் உண்டு, கடிதமும் இல்லாத வீடுகளும் உண்டு. இவ்வளவு பொதுவான ஓர் அனுபவம் இளையோருக்கான ஒரு பெரும் தமிழ் நாவலின் நடுவில் இன்னும் வந்து உட்காரவில்லை என்பது எனக்குத் தீராத குறை.

போருக்கு முந்திய நாவல்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவற்றுக்குப் பகை ஊருக்குள்ளேயே இருந்தது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களில் வீரகேசரி பிரசுரங்கள் மலிவு விலையில் நாவல்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. மாணவர்களும் அவற்றைக் கைமாற்றிப் படித்தார்கள். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வந்தது, 1978இல் படமாகவும் எடுக்கப்பட்டது. வாடைக்காற்றுப் பருவத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி அடிக்கும் வெளியூர் மீனவர், அவர்களைத் தாங்கவும் தாங்காமலிருக்கவும் செய்யும் தீவுமக்கள், இரண்டுக்கும் குறுக்கே முளைக்கும் காதல் என்று அதன் அமைப்பே முரணால் ஆனது. பருவம் முடிந்தால் வாடி பிரிந்து வள்ளங்கள் திரும்பிவிடும் என்பதால் காலக்கெடுவும் கதைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. இளையோருக்கென்று அது எழுதப்படவில்லை. ஆனால் இளையோர் அதைப் படித்தார்கள், ஏனென்றால் அதில் வருகிற இளசுகளுக்கு இழக்க ஏதோ இருந்தது.

சாதியை எழுதியவர்களும் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965இல் வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தோடு தீண்டாமை எதிர்ப்பு வெளிப்படையான போராட்டமானது. தேநீர்க்கடைப் பிரவேசம் நடந்தது, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. இவற்றின் சூட்டில் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. டானியலின் நாவல்களில் மாந்தர் நிறையப் பேர் வருவார்கள், கதை கிளைவிட்டுப் பரவும், இன்றைய பதினைந்து வயது வாசகர் வழிதவறிப் போகவும் கூடும். ஆனால் ஒரு கிணற்றில் யார் வாளி போடலாம், ஒரு கடையில் யார் கோப்பையில் குடிக்கலாம் என்ற கேள்வி வந்து நிற்கிற இடங்களில் மூச்சு நிற்கும். கோப்பையைக் கையில் எடுத்துவிட்ட இளைஞன் அதைக் குடித்து முடிப்பதற்குள் என்ன நடக்கும்? துவக்கு எதுவும் வேண்டாத பரபரப்பு அது. யாழ்ப்பாணத்து முரணின் மூலவடிவம் அங்கேதான் இருக்கிறது என்பேன். பின்னால் வந்த போர், அந்தக் கேள்விகளை எழுதுகிறவர்களின் கவனத்திலிருந்து தள்ளிவிட்டது.

கல்வி என்ற களமும் அப்படியே கைவிடப்பட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கு 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வைத்தியராக, பொறியியலாளராக வரவேண்டும் என்று ரியூட்டரி வாங்கில் இடித்துக்கொண்டு இருந்த ஒரு தலைமுறை, தன் புள்ளிகள் போதாமல் போனதைப் பரீட்சை முடிவுத் தாளில் படித்தது. அரசியல் வரலாற்றில் இது இரண்டு வரியாகச் சொல்லப்படுகிறது. ஒரே வீட்டில் அண்ணன் தவறவிட்ட இடத்தைத் தம்பி பிடிக்கவேண்டியிருக்கிறது, ஒரே வகுப்பில் இரண்டு நண்பர் ஓர் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள், தகப்பன் காணியை ஈடுவைத்து ரியூசன் காசு கட்டுகிறார். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து எழுதினாலும் இன்றைக்கு ஏ.எல். எழுதப்போகிற பிள்ளை அதைத் தன் கதையாகப் படிப்பார். தமிழ்நாட்டில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ செய்துகாட்டியது இதைத்தான். கேள்வி கேட்கும் ஒரு மாணவியும் கேள்வியைத் தாங்காத ஒரு பள்ளியும் மட்டுமே அந்தச் சிறு நூலில் எதிரெதிரே நிற்கின்றன. அதைப் படித்து முடித்த பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், ஆசிரியர்கள் தங்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

இயக்கங்களின் காலத்துக்கு வரும்போது ஒரு முக்கியமான பிளவைப் பார்க்கிறோம். எதிரி வெளியே மட்டும் நிற்கிற எழுத்து ஒரு பக்கம், எதிரி உள்ளேயும் இருக்கிற எழுத்து மறுபக்கம். முதல் வகைக்கு, இருபது வயதில் இறந்துபோன மலரவனின் ‘போர் உலா’ நேர்மையான எடுத்துக்காட்டு. மாங்குளம் முகாம் மீதான தாக்குதலை நோக்கிய பயணத்தை ஓர் இளைஞனின் கண்ணால் அது காட்டுகிறது. வழியில் காணும் மக்கள்மேல் அந்த இளைஞனுக்கு இருக்கும் கரிசனம் உண்மையானது, காட்சிகள் கண்முன் நிற்கின்றன. ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. ஆகவே படிக்கிறவருக்கு அவன் உயிரைப் பற்றிய கவலை வருகிறதே தவிர, அவன் முடிவைப் பற்றிய பதற்றம் வருவதில்லை.

மறுபக்கத்தில் கோவிந்தன் என்ற பெயரில் 1985இல் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’ இருக்கிறது. விடுதலைக்கென்று வீட்டை விட்டு வந்த இளைஞர்கள், பயிற்சி முகாமில் தங்கள் அமைப்பே தன் ஆட்களைச் சித்திரவதை செய்வதையும் கொல்வதையும் கண்டுகொள்கிறார்கள். பக்கத்துப் பாயில் படுப்பவனை நம்பலாமா என்பது தெரியாது. ஒரு சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் நாளைக்கு இருப்போமா என்பது தெரியாது. திரும்பிப் போகவும் வழியில்லை, ஏனென்றால் திரும்பிப் போகும் இடத்தில் ஆமி நிற்கிறது. கலைநயத்தில் குறைகள் சொல்லலாம், பிரசாரம் தலைகாட்டும் இடங்கள் உண்டு. ஆனாலும் மூடிய இடத்துக்குள் நம்பிக்கை இடிந்து விழும் பதற்றத்தை அதற்கு முன் ஈழத்தில் யாரும் இப்படி எழுதியதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகு, 2014இல் வந்த குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ மறுபடி பயிற்சி முகாமுக்குள் போனது. அங்கே பயிற்சியின் கடுமையைவிட, விட்டுவந்த வீட்டின் வறுமையே நம்மை அதிகம் உலுக்குகிறது. போராட வந்தவனுக்கும் சோறில்லாத வீட்டுக்கும் இடையில் கயிறு இழுபடுவதால்தான் அந்த நாவலுக்கு உயிர் இருக்கிறது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பமாகத் தொடங்கும் அந்த நாவல் தீவகத்தின் குஞ்சன் வயலுக்குப் போகிறது. அங்கே ஒரு முரட்டுத் தகப்பன். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கொரில்லா. அந்தப் பெயர் மகனையும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டின் அடியிலிருந்து தப்ப இயக்கத்துக்குப் போகும் பெடியன், அங்கேயும் தகப்பனின் பெயரையே சுமக்கிறான், அங்கேயும் அடியே வாங்குகிறான். அரச ஒடுக்குமுறை, இயக்கத்தின் அதிகாரம், தகப்பனின் கை மூன்றும் ஒரே பையனின் உடம்பில் வந்து விழுகின்றன. அவன் யாரிடமிருந்து ஓடுகிறான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி கதை போகிறது, அந்தத் தெளிவின்மையே பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. இதைப் பதினைந்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், பதினாறு பதினேழு வயதில் கொடுக்கலாம், ஆசிரியரோ மூத்தவரோ பக்கத்தில் இருந்து பேசக்கூடிய சூழலில் கொடுக்கலாம் என்பது. அதில் வரும் வன்முறை அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

யாழ்ப்பாணத்து இளமையின் முரணை மிக முழுமையாக எழுதிய நாவல், எனக்குத் தெரிந்தவரையில், தமிழில் வரவில்லை. யாழ்ப்பாண வேர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய ‘பிரதர்லெஸ் நைற்’ 2023இல் வெளிவந்தது, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் பெற்றது. 1981இல் யாழ்ப்பாணத்தில், வைத்தியராக வரவேண்டும் என்று படிக்கும் சசி என்ற பதின்ம வயதுப் பெண் கதையைச் சொல்கிறாள். அவளுக்கு நாலு சகோதரர். கொதிதண்ணீர் மேலே கொட்டிச் சுட்டுக்கொண்ட அவளுக்கு ஓடிவந்து முதலுதவி செய்கிறவன் அயல்வீட்டுப் பெடியன் கே. அந்த முதற்காட்சியிலேயே எல்லாம் வைக்கப்பட்டுவிட்டது. காயம் இருக்கிறது, காயத்தை ஆற்ற நினைக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவன் காயப்படுத்தும் வழிக்குப் போகப்போகிறான்.

மூத்த அண்ணன் 1983இல் கொழும்பில் கொல்லப்படுகிறான். அடுத்த இரண்டு பேர் இயக்கத்துக்குப் போகிறார்கள். கேயும் படிப்பை விட்டுப் போகிறான். நூலக எரிப்பு, கலவரம், இந்திய இராணுவம் என்று எல்லா வரலாற்று நிகழ்ச்சிகளும் நாவலில் வருகின்றன. ஆனால் வாசகர் அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. இயக்கத்தின் மருத்துவ நிலையத்தில் வேலை செய்ய வரச்சொல்லிக் கே கேட்கிறபோது சசி என்ன சொல்வாள் என்பதற்காகக் காத்திருக்கிறார். அவள் ஒத்துக்கொள்கிறாள். பிறகு அதே பெண், எல்லாத் தரப்பும் செய்த கொலைகளைப் பதிவுசெய்யும் வேலைக்கும் போகிறாள். அங்கே அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் படிக்கும்போது, 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவ பீட ஆசிரியர் ராஜினி திராணகம நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். கே உண்ணாவிரதம் இருக்கும் பகுதி, 1987 செப்ரெம்பரில் நல்லூரில் திலீபன் பன்னிரண்டு நாள் நோற்று இறந்ததை அடியொற்றியது. முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டுகிறோம். அவனை நேசிக்கிறவளும், மருத்துவம் படித்தவளும், அவனுடைய இயக்கத்தின்மேல் கோபம் கொண்டவளுமான ஒருத்தியை அவனருகே உட்காரவைத்ததால் வந்த பரபரப்பு அது. அவளுக்குள் இருக்கும் மூன்று பேரும் மூன்று விதமாகச் செய்யச் சொல்கிறார்கள்.

1984இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் கூட்டமாகப் பிடிக்கப்பட்டபோது தாய்மார் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். அன்னையர் முன்னணி அப்படித்தான் எழுந்தது. பிள்ளையைப் பூட்டிவைத்துக் காக்கும் தாய் என்ற அகமரபின் பாத்திரம், பிள்ளையை மீட்கத் தெருவுக்கு வரும் தாயாக மாறிய இடம் அது. இளையோர் நாவலில் பெற்றோரை வெறும் தடையாகவோ வெறும் கண்ணீராகவோ நிறுத்துகிறவர்கள் இந்தத் தாய்மாரைப் படிக்கவேண்டும். அவர்களுக்கும் விருப்பம் உண்டு, தந்திரம் உண்டு, பிள்ளையிடம் மறைக்கும் இரகசியம் உண்டு. எதிர்த்தரப்பு வலுவாக இல்லாத முரண் நொண்டும்.

புலம்பெயரும் பயணத்தை எழுதிய நாவல்களில் சயந்தனின் ‘ஆறாவடு’ இத்தாலிக்குப் போகும் படகை வைத்துக் கதையைக் கட்டியது. நல்ல சட்டகம். நடுக்கடலில் இறங்கிப்போக முடியாதவர்கள் ஒருவர் கதையை ஒருவர் கேட்டே ஆகவேண்டும்.

வெளியுலகிலும் இளையோர் நாவலின் வேர், நம் அகமரபில் கண்டதுபோல, வீட்டில்தான் ஊன்றியிருக்கிறது. எஸ். ஈ. ஹின்ரன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கி 1967இல் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ தெருச்சண்டைக் குழுக்களைப் பற்றியது என்பார்கள். படித்தவருக்குத் தெரியும், தாய் தகப்பனை இழந்த மூன்று சகோதரர் பிரிக்கப்படுவார்களா என்பதே அதன் பயம். சுசான் கொலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) கொலைக்களத்தையே மேடையாக்கியது. அதிலும் தங்கைக்குப் பதிலாகத் தானே போகிற பதினாறு வயதுப் பெண், தன்னை நேசிப்பதாகச் சொல்லும் பையனை நம்பலாமா என்று அறியாமல் தவிப்பதே நம்மைப் பிடித்துவைக்கிறது.

நம்பலாமா என்ற கேள்வியை யாழ்ப்பாணம் அறிந்த அளவு வேறெந்த ஊர் அறிந்திருக்கும்? சுற்றிவளைப்பு நாளில் ஊர் இளைஞரை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்துவார்கள். வாகனத்துக்குள்ளே முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையாட்டினால் முன்னால் நிற்பவர் ஏற்றப்படுவார். தலையாட்டி என்று ஊர் அவரை அழைத்தது. சாக்கின் இரண்டு ஓட்டைகளுக்குள் தெரியும் கண்கள் யாருடையவை? கூடப் படித்தவனா? அடி தாங்காமல் வந்தவனா? தலையாட்டியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஓர் இளையோர் நாவலை நினைத்துப் பார்க்கிறேன். பதினேழு வயது, சித்திரவதைக்குப் பிறகு சாக்கு மாட்டப்பட்டு உட்கார வைக்கப்பட்டிருக்கிறான். யாரையாவது காட்டாவிட்டால் தான் போகவேண்டும். வரிசையில் அவனுடைய சிநேகிதன் வருகிறான். இதில் நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க எந்த வாசகராலும் முடியாது, பிரிக்க முடியாததால்தான் அவர் யோசிப்பார்.

1990 ஒக்டோபர் 30 இன்னொரு எழுதப்படாத நாவல். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். பரபரப்பு எழுத்தாளர்கள் கற்பனையில் தேடும் காலக்கெடுவை வரலாறே கொடூரமாகத் தந்திருக்கிறது. சோனகத் தெருவில் தன்னோடு விளையாடிய சிநேகிதியின் வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் போகிறாளா, போனால் வழிமறிப்பவர்களிடம் என்ன சொல்வாள், அங்கிருந்து எதைக் கொண்டுவந்து எத்தனை வருடம் ஒளித்துவைப்பாள், திரும்பி வரும்போது வீட்டார் முகம் எப்படி இருக்கும்? துரத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அவர்களே எழுதும் நாவலுக்கு இது ஈடாகாது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கவேண்டிய முரண் இது, தன் ஊரே பிழை செய்த நாளில் ஒரு பிள்ளை எங்கே நிற்பது என்ற முரண். இதைத் தொடத் தயங்குகிறவர்கள் ஒற்றுமைக்குக் கேடு என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை.

விறுவிறுப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. கதாசிரியர் ஒரு தகவலை ஒளித்துவைத்து வாசகரை ஏங்கவிடுவது தொழில்முறை. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்கு என்ன ஆயிற்று என்ற தகவலை அரசும் ஆயுததாரிகளும் ஒளித்துவைத்திருப்பது குற்றம். 2017 பெப்ரவரியிலிருந்து வடக்கின் வீதியோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படங்களோடு இருக்கும் தாய்மாரின் காத்திருப்பைப் பரபரப்புக்குத் தூண்டிலாக்கும் எழுத்து எனக்கு உவப்பானதில்லை. 1996இல் செம்மணியில் கொல்லப்பட்ட மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். அந்தப் பாதையில் நடந்ததைக் கட்டங்கட்டமாக நீட்டி வாசகரைப் பதறவைப்பது எழுத்தின் திறமை ஆகாது. மறுநாள் பரீட்சை மண்டபத்தில் வெறுமையாகக் கிடக்கும் கதிரையைப் பார்த்தபடி எழுதவேண்டிய வகுப்புத் தோழியின் பயமும் கோபமும் எழுதத் தக்கவை. 2025இல் செம்மணியில் மறுபடி எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, பிறப்பதற்கு முன் நடந்ததைப் பற்றி வீட்டில் கேள்வி கேட்கத் தொடங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? கேள்வி கேட்கும் பேத்தி, வாய் திறக்காத தாத்தா. அங்கேயும் முரண் இருக்கிறது. அந்தக் கதைக்கு எல்லா முடிச்சும் அவிழ்ந்த முடிவு தேவையில்லை, பொய்யாக அவிழ்ப்பது பெரிய துரோகம்.

இன்றைக்கு ஓ.எல். எழுதுகிறவர்கள் போர் முடிந்த 2009ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அவர்களுடைய முரண்கள் வேறு. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுக்குப் பிறகு 2017 யூலையில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. திரும்பிப் போய்ப் பற்றை வெட்டி வீடு கட்டத் துடிக்கும் பாட்டன் ஒரு பக்கம், அந்த ஊரையே கண்டிராத, கனடாவுக்குப் போகக் காத்திருக்கும் பேரன் மறுபக்கம். வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுப் பிள்ளையும் கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். வாளோடு திரியும் குழுவில் அண்ணன் சேர்ந்துவிட்டான் என்பது தங்கைக்கு மட்டும் தெரியும். போதைப்பொருள் எந்த ஒழுங்கையில் கைமாறுகிறது என்பது மாணவருக்குத் தெரிந்தும் ஆசிரியரிடம் சொல்லப் பயப்படுகிறார்கள். சாதி பார்க்கும் காதல் எதிர்ப்பு இன்னும் போகவில்லை, கோயில் தேர்வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறும் போகவில்லை. டானியல் விட்ட இடத்திலிருந்து தொடங்க இன்னும் நிறைய இருக்கிறது.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, போரை எழுதவேண்டாம் என்று இல்லை. போர் நடந்த நாளில் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் எதற்காக முட்டிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். முட்டிக்கொண்ட இருவருக்கும் நியாயம் கொடுங்கள். நூறு நூற்றைம்பது பக்கத்துக்குள் முடியுங்கள். ‘பிரதர்லெஸ் நைற்’ போன்ற நாவல்களை நம் மாணவர் தமிழில் படிக்க வழி செய்யவேண்டியது பதிப்பாளர்களின் கடமை. பழைய வீரகேசரி பிரசுரங்கள் பலவும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் எண்ணிமமாகக் கிடக்கின்றன. பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்கள் அவற்றில் இளையோருக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்து ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கு இந்தத் தவணையிலேயே வாசிக்கக் கொடுக்கலாம். அதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை.